ஜோர்டித் தமிழ்

ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடைக்கு, போன கிழமை, ஒரு தம்பி வந்தார். சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர். "கொத்து ரொட்டி இருக்கா அங்கிள்?" என்றார். "ஓம், ஓம்" என்றேன். எங்கட ஊரில் ஆம் என்பதற்கு ஓம்தான். அவர் சிரித்துவிட்டார்.

"என்ன அங்கிள், மந்திரம் சொல்றீங்க? இது என்ன தமிழ்?"

"ஜோர்டித் தமிழ், தம்பி."

அவர் முழித்தார். நான் முன்பு வேலை செய்த இடத்துச் சமையல்காரரை, என் செஃப்பை, அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு லா சப்பலில் எனக்கு இரண்டு கடை. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை என்று மார்தட்டிச் சொல்வேன். அந்தச் செஃப்பை மட்டும் கழித்துவிட்டுத்தான் சொல்வேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு பிரெஞ்சுக்காரரின் பாரில் நான் கோப்பை கழுவிய காலம். அடுப்படியில் அவர். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நிலக்கரி தோண்டியும் கப்பல் கட்டியும் வாழ்ந்த நியூகாசில் அவருடைய ஊர். "இங்கிலீஷ்காரர்" என்று யாராவது சொன்னால் கரண்டியைத் தூக்குவார். "நான் ஜோர்டி!" ஜோர்ஜ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் அது. ஊருக்கே அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு நாள், சண்டையில் ஊரே ஜோர்ஜ் அரசரின் பக்கம் நின்ற கதை வரும்; மறுநாள் சுரங்கத்துக்கு விளக்குச் செய்த வேறொரு ஜோர்ஜின் கதை வரும். எது உண்மை என்று கேட்டால், எங்கட தமிழில் சொல்வதென்றால், "ரெண்டும் எங்கடதுதான்!" என்பார்.

குழந்தைக்கு அவர் சொல் 'பேர்ன்'. வீட்டுக்கு 'ஹியெம்'. கடல் தாண்டி வந்து குடியேறிய பழைய சனங்களின் சொற்களாம். "லண்டன்காரன் தன்ரை பேச்சை மாத்திப்போட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்று பொருமுவார். எனக்கு அந்தக் கோபம் நன்றாக விளங்கியது. ஆம் என்பதற்கு அவர் 'வாய் ஆய்' என்பார். நான் படித்த இங்கிலீஷ் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். உலகமெல்லாம் அப்படித்தான் பேசுகிறது என்று நம்பியிருந்தேன்.

ஒரு மத்தியானம் பரிமாறுகிறவன் வரவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியும்" என்று முதலாளிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒரு மேசை தருகிறேன். சமாளித்தால் இந்த வேலை உனக்கு. இல்லையென்றால் சாகும்வரை கோப்பைதான்" என்றார் பிரெஞ்சில்.

மேசையில் லண்டன் தம்பதி. மீன் இருக்கிறதா என்று அம்மணி கேட்டார்.

"வாய் ஆய், ஹின்னி!" என்றேன்.

ஹின்னி என்றால் தேனே. நியூகாசிலில் கடைக்காரர் கூட அப்படித்தான் கூப்பிடுவாராம். அம்மணியின் கையிலிருந்து மெனு நழுவியது. முதலாளி முகம் கறுத்து, கழுவுகிற இடத்தை விரலால் காட்டினார்.

அதற்குள் செஃப் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார். "அவன் சொன்னதில என்ன பிழை?" என்று தொடங்கி ஒரு முழக்கம் முழங்கினார். லண்டன்காரருக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. செஃப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த அம்மணி, "நீங்கள் இருவரும் ஒரே ஊரா?" என்று கேட்டார்.

செஃப் என் தோளில் கை போட்டார். "வாய் ஆய்!"

"ஓம்" என்றேன் நான்.

அம்மணி கண்ணில் நீர் வரச் சிரித்து, மீனோடு ஒரு போத்தல் வைனுக்கும் சொன்னார். முதலாளி என் கையில் ஒரு தட்டைத் தந்தார். கழுவுவதற்கு அல்ல.