இரட்டைப் புத்தன் ஏலம்

என் கணவர் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றும் காலை ஆகாரம் முடிந்த கையோடு அரண்மனைப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார். சுற்றுலா வருகிறவர்களுக்காகப் பித்தளை விளக்கும் மரப்பெட்டியும் அடுக்கி வைத்திருக்கும் கடைகள். அங்கே ஏதாவது ஒரு மூலையில் ஒரு தட்டு நிறையப் பழைய காசு கிடக்கும். அதைக் கிளறுவதுதான் அவருக்குச் சந்தோஷம்.

எல்லாக் காசும் அவருக்கு வேண்டாம். கொச்சி ராஜ்யத்தில் புழங்கிய புத்தன் மட்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வெள்ளிக் காசு அது, ஒரு பக்கம் சங்கு. அதற்கு இரண்டு மடங்கு மதிப்புள்ளதை இரட்டைப் புத்தன் என்பார்கள். நான் மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். காசைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அலுத்துப் போயிருந்தது. கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இந்தப் பொட்டுக்கா இவ்வளவு அலைகிறீர்கள் என்பேன். அவர் சிரிப்பார்.

அவருக்கு இதில் ஒரே கூட்டாளி, பஜார் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பாலக்காட்டுத் தமிழர். என் கணவரைவிட வயதில் இளையவர். அவரைச் சேட்டன் என்றும் என்னைச் சேச்சி என்றும் கூப்பிடுவார். புதிதாக ஒரு காசு கிடைத்தால் இருவரும் கடையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். பண்டிகை நாட்களில் அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், நாங்கள் அங்கே போவோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கும் இல்லை. அதனாலேயே இரண்டு பெண்களுக்கும் பேச நிறைய இருந்தது.

ஆலுவா ரயில் நிலையத்துக்கு என் தங்கையை அழைத்து வரப் போன என் கணவர், பிளாட்பாரத்திலேயே சரிந்து விழுந்தார். தங்கை வந்த ரயில், நிலையத்துக்குள் நுழையும்போது அவருக்கு உயிர் இல்லை. எனக்குச் செய்தி வந்ததும் நான் முதலில் ஓடியது கண்ணாடிக் கடைக்குத்தான். அவர் கடையைப் பூட்டக்கூட இல்லை. பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது, ஆம்புலன்ஸ் பேசியது, கொள்ளி வைக்கக் கணவரின் அண்ணன் மகனைக் கோவையிலிருந்து வரவழைத்தது, எல்லாம் அவர்தான். அவர் மனைவி காரியம் முடியும்வரை என் வீட்டிலேயே இருந்தாள். நான் சாப்பிட மறுத்தால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிடும்வரை அவளும் சாப்பிட மாட்டாள்.

சில மாதங்கள் கழித்து என் கணவருடைய அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது காசு ஆல்பத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் அறைகள் கொண்ட சாதாரண ஆல்பம். ஒவ்வோர் அறையிலும் ஒரு காசு. சிலது காலி. எதற்காக அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, அந்தக் காலி அறைகளை நிரப்ப வேண்டும் என்று நினைத்தேன். காசு எனக்குப் பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

கண்ணாடிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பெல்லாம் கடையில ஒண்ணும் கிட்டாது சேச்சி. எல்லாம் ஃபோன்லதான். சேட்டனும் கடைசியில அதுலதான் வாங்கினார்" என்றார்.

பழைய காசுகளை ஏலம் விடும் தளம் ஒன்றை என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தார். நாம் அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்று முதலிலேயே போட்டு வைத்துவிடலாம். வேறு யாராவது ஏற்றிக் கேட்டால், அந்த வரம்பு வரைக்கும் தளமே நமக்காக ஏற்றிக்கொண்டு போகும். நம் வரம்பு மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்பவர்களின் பெயரும் தெரியாது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் இருக்கும், நடுவில் புள்ளிகள்.

ஒவ்வொரு ஏலத்துக்கு முன்னும் நான் அவரிடம் கேட்பேன். இந்தக் காசு அசலா, என்ன விலை பெறும், எவ்வளவு வரைக்கும் போகலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வார். நான் மனத்தில் ஒரு தொகை வைத்துக்கொண்டு, "இதுவரைக்கும் போகிறேன்" என்பேன். "ஷரி சேச்சி, அது போதும்" என்பார். களமசேரியிலிருந்து விற்கும் ஒருவரிடம்தான் புத்தன் அடிக்கடி வந்தது. அவரிடம் சில காசுகள் எடுத்தேன். கூரியரில் ஒழுங்காக வந்தன. கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்து அசல்தான் என்றார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எனக்கு எதிராகக் கேட்டுக்கொண்டே வந்து, என் வரம்பைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுவார். ஒரு தடவையும் தாண்டியதில்லை. காசு எனக்கே கிடைக்கும், ஆனால் நான் நினைத்த முழுத் தொகைக்கு. இதைக் கண்ணாடிக்காரரிடமே சொன்னேன்.

"வாங்கறவங்க கூடிப்போச்சு சேச்சி. மலப்புறத்துல, கல்ஃப்ல எல்லாம் ஆள் இருக்கு. சேட்டன் தேடின காசுன்னா சும்மாவா" என்றார்.

நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஓர் இரட்டைப் புத்தன் வந்தது. ஆல்பத்தில் காலியாக இருந்த ஓர் அறைக்கு அடியில் என் கணவர் பென்சிலால் குறித்து வைத்திருந்த அதே வகை. ஆறாயிரம் வரைக்கும் போகிறேன் என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். ஆனால் அந்த வாரமே சமையலறை ஓடு ஒழுகி, கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கையைக் கொஞ்சம் கடித்தது. நாலாயிரம் என்று போட்டு வைத்தேன். குறைத்ததை அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை ஏலம் முடிந்தது. வழக்கமாக எனக்கு எதிராகக் கேட்கும், முதலும் கடைசியும் அதே எழுத்துகள் கொண்ட ஆள் இந்த முறை நாலாயிரத்தைத் தாண்டிப் போய்விட்டார். காசு அவருக்குப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. பணத்தைக் குறைத்திருக்கக் கூடாது என்று ஒழுகிய ஓட்டைச் சபித்தேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். மிளகு மூட்டை ஏற்றும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோனில் அந்த விற்பனையாளரிடமிருந்து செய்தி. ஜெயித்தவர் பணம் கட்டவில்லையாம். அடுத்தபடியாகக் கேட்டவள் நான் என்பதால் நான் கேட்ட விலைக்கே தருகிறாராம். தளத்தின் வழியாகப் போனால் கமிஷன் போய்விடும், அதனால் இந்த எண்ணுக்கு நேராக யுபிஐயில் அனுப்பிவிடுங்கள் என்று ஓர் எண்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் எண்ணை அடித்தேன். பணம் அனுப்புவதற்கு முன்னால், யாருக்குப் போகிறது என்று வங்கியில் உள்ள பெயரைத் திரையில் காட்டுமே, அப்படி ஒரு பெயர் வந்தது.

கண்ணாடிக்காரருடைய மனைவியின் பெயர்.

அந்தப் பெயர் வேறு ஒருத்திக்கும் இருக்கலாம். ஆனால் பாலக்காட்டில் அவள் பிறந்த சின்னக் கிராமத்தின் பெயரும், அப்பா பெயரும் சேர்ந்து, அதே வரிசையில் இன்னொருத்திக்கு இருக்க முடியாது. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளில் அவள் வீட்டார் பெயரை நான் படித்திருக்கிறேன். என் பக்கத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளின் பெயர். நான் திரையை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பழைய ஏலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெயர் மறைந்திருந்தாலும், ஒருவர் எந்தெந்த ஏலத்தில் கேட்டார் என்று அதில் பார்க்க முடியும். எனக்கு எதிராகக் கேட்ட ஆள் வேறு எந்த விற்பனையாளரிடமும் கேட்டதே இல்லை. நான் கேட்காத காசை அவர் தொட்டதும் இல்லை. நான் கண்ணாடிக்காரரிடம் எந்தத் தொகை சொன்னேனோ அந்தத் தொகைக்குக் கொஞ்சம் கீழே நின்றிருக்கிறார். இந்த ஒரு தடவைதான் தாண்டினார். ஆறாயிரம் என்று நான் சொன்னதை நம்பித் தாண்டியிருக்கிறார். கணக்கு எழுதுகிறவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டிய இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும், "வாங்க சேச்சி, சாயா சொல்லட்டுமா?" என்றார்.

ஃபோனில் அந்தச் செய்தியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். ஃபோனைக் கையில் எடுக்கவில்லை.

"பணம் அனுப்பப் போனேன். உங்க வீட்டுக்காரி பேரு வந்துச்சு" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "காசு அசல்தான் சேச்சி. இதுவரைக்கும் தந்தது எல்லாமே அசல்தான். அதுல நான் ஏமாத்தல" என்றார்.

"எதிர்ல கேட்டது நீங்கதானே?"

தலையை ஆட்டினார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் கணக்குல பணம் வந்தா கடைக் கடன் பாக்கிக்குப் பேங்க்காரன் பிடிச்சுக்குவான். அதனால அவ நம்பரைக் கொடுத்தேன். பேரு காட்டும்னு அந்த நேரத்துல ஓர்மை வரல." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். கண்ணாடி வாங்க இப்போது யாரும் வருவதில்லை என்றும், எல்லாரும் ஃபோனிலேயே வரவழைக்கிறார்கள் என்றும், களமசேரியில் மச்சான் வீட்டு முகவரியில் காசு விற்க ஆரம்பித்தார் என்றும், விற்கிறவர்கள் எல்லாரும் இப்படி ஆள் வைத்துக் கேட்பது உண்டு என்றும்.

நான் கேட்க வந்தது அதல்ல. வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு வந்தேன்.

"அவர் இருந்தப்பவும் இப்படித்தானா?"

கண்ணாடிக்காரர் மேசை மேல் இருந்த ஒரு ஃபிரேமை எடுத்து மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

"ஒண்ணு ரெண்டு தடவை" என்றார். பிறகு, "சேட்டனுக்குத் தெரியும் சேச்சி. ஒரு நாள் இங்கேயே, இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து சொன்னார். 'நான் எங்கே நிப்பேன்னு உன்னைத் தவிர வேற யாருக்குடா தெரியும்'னு. சிரிச்சார். அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை."

இதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் என் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார். "சேச்சி, யார்கிட்டேயும் சொல்லாதீங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். தெரிந்தும் சிரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்திருக்கக்கூடியவர். அதே சமயம், இறந்தவர் வாயில் எதை வேண்டுமானாலும் வைத்துப் பேசலாம், அவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவர் ஏமாந்துவிட்டார் என்று நினைத்தால் நெஞ்சு வலித்தது. அவருக்குத் தெரியும் என்று நினைத்தாலும் வலித்தது. தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நான் அவரைக் கண்ணாடிக் கடைக்குப் போக விட்டிருக்க மாட்டேன் என்பதாலா? கேட்க ஆள் இல்லாத கேள்விகள். அவர் போன பிறகு எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். ஆனால் அவரிடம் ஒரு நிமிடம் பேசக் கிடைக்காதா என்று ஏங்கியது இந்த விஷயத்துக்காகத்தான்.

சில நாட்கள் யோசித்துவிட்டுத் தளத்துக்குப் புகார் எழுதினேன். கண்ணாடிக்காரர் பெயரையோ அவர் மனைவி பெயரையோ எழுதவில்லை. எந்த விற்பனையாளர், எதிரில் கேட்டது எந்தக் கணக்கு, நேராகப் பணம் கேட்ட செய்தி, இவ்வளவு மட்டும். பழிவாங்கவா என்றால், கொஞ்சம் அதுவும் இருந்திருக்கலாம். அவர் என்னை ஏமாற்றியதைக்கூட விட்டிருப்பேன். என் கணவரையும் அதில் ஒரு கூட்டாளியாக்கிப் பேசியதை விட முடியவில்லை. கொஞ்ச நாளில் பதில் வந்தது. இரண்டு கணக்குகளையும் முடக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு நானும் அந்தத் தளத்தைத் திறக்கவில்லை. பஜார் ரோடு வழியாக அலுவலகம் போவதையும் நிறுத்திவிட்டு, படகுத்துறைப் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

என் கணவருடைய திதிக்கு மறுநாள் கண்ணாடிக்காரரின் மனைவி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கையில் நேந்திரம் வறுவல் பொட்டலம். இளைத்திருந்தாள்.

"சேட்டன் போனதும் எங்களையும் மறந்துட்டீங்களா சேச்சி?" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லை. ஆபீஸ்ல வேலை."

"அவரும் அதைத்தான் சொல்றார். சேச்சிக்கு வேலை கூடுதல், போய்த் தொந்தரவு பண்ணாதேன்னு. நான்தான் கேக்காம வந்துட்டேன்."

சாயா போட்டுக் கொடுத்தேன். கடையை மூடிவிட்டார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் கணவர் களமசேரியில் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறாராம். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம், கால் வீங்கிப் போகிறதாம். "இந்த வயசுல இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கறார் சேச்சி. காசைப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்லை இப்ப. பூதக்கண்ணாடியைக்கூட யாருக்கோ கொடுத்துட்டார். சேட்டன் இருந்தா நாலு வார்த்தை சொல்லியிருப்பார்" என்றாள். அவள் அழவில்லை. நான் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் பெயரை என் ஃபோன் திரையில் பார்த்ததை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் இங்கிருந்து எழுந்து எந்த வீட்டுக்குப் போவாள்?

"வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்லு" என்றேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பழையபடி. அடுத்த மாதம் பாலக்காட்டுக்கு ஊருக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் சேச்சி என்றாள். பார்க்கலாம் என்றேன். போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். நானும் அசைத்தேன்.