எஞ்சினுக்கு மேலே இருந்த பலகை

மோர்டன் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய வான் வண்டியில் கோப்பி விற்கிறார்கள். இன்று காலை அதன் பின்பக்கத்தில் சாய்ந்தபோது தகரம் முதுகில் சுட்டது. இந்த வகை வானுக்கு எஞ்சின் பின்னால்தான்.

அப்பாவிடமும் இப்படியொன்று இருந்தது. மன்னார்க் காட்டின் மணற்பாதையில், டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, நிறுத்தாமல் ஓட்டுவார். நின்றால் புதைந்துவிடும். எஞ்சினுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. அப்பா தன் சோற்றுப் பார்சலை அதில்தான் வைப்பார். மத்தியானம் வரைக்கும் ஆறாது.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியது. அந்தப் பலகையில் பாய் விரித்து அவரைக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். பெற்றோல் மணத்தது. பாலைமரக் கிளைகள் தகரத்தில் உரசிக்கொண்டே வந்தன.

பாதி வழியில், "அப்பா, அம்மா கதைக்கிறா இல்லை," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "கை சூடா இருக்கோ?"

"ஓம்."

"அப்ப சரி. விடாமல் பிடிச்சிரு பிள்ளை."

தார் றோட்டு வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் ஓம் என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த டொக்டர், அம்மாவின் உயிர் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது என்றார். என் கைக்குள் அவருடைய கை அப்போதும் சூடாகவே இருந்தது.

தினமும் அந்தப் பலகையில் சோறு வைத்தவர் அப்பா. அவர் இருந்தவரை நான் அந்தச் சூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா, உங்கடை கோப்பி," என்றான் வான்காரப் பொடியன்.

வாங்கினேன். ஆறியபின்தான் குடித்தேன்.