அடுத்தவர் மூக்கைப் பார்த்து வாழ்ந்தது

எனக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் ஒரு வாடை வரும். பிளாஸ்டிக் எரிகிற வாடை. வேறு இடமாக இருந்தால் அதை வைத்தே சுதாரித்திருப்பேன். நாங்கள் குடியிருந்ததோ தாராவியில், பிளாஸ்டிக் உருக்கும் பட்டறைகளுக்குப் பின்சந்தில். பகல் முழுக்க அங்கே அதே வாடைதான். எது சந்தினுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியாது.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். வாடை வந்ததும் பக்கத்தில் இருப்பவர்களின் மூக்கைப் பார்ப்பேன். யாராவது துப்பட்டாவால் மூக்கை மூடினால் நிம்மதி. எல்லோரும் அவரவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். வாயைத் திறந்து ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்களே.

யாருக்கும் தெரியக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அவளிடம் ஒரு விஷயம் போனால் சாயங்காலத்துக்குள் சந்தே பேசும். இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தெரிந்தால் என்னை யார் கட்டுவார்கள் என்பது அவள் கவலை. வீட்டுக்குள்ளேகூட நாங்கள் வலிப்பு என்று சொன்னதில்லை. 'அது' என்போம். மாத்திரைகளைச் சீரக டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வீட்டில் இருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்காவுக்கு மாட்டுங்காவில் ஓர் ஆபீஸில் கூட்டித் துடைக்கும் வேலை. நான்கு மாதப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் அல்லாடினாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். நல்ல பெயர் வாங்குகிற ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம். அம்மா முறைத்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் ஒரு காரணம் வேண்டுமே. ஆறு மாதம் அந்தக் குழந்தை என் இடுப்பிலேயே வளர்ந்தது.

எங்கள் மேல்வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கயிறு. ஒவ்வொரு தடவையும் பயந்தேன். பயந்துகொண்டே ஏறி இறங்கினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

ஒரு தடவை, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்து அத்தை குடும்பம் வந்து இரண்டு நாள் தங்கியது. அவர்கள் எதிரில் மாத்திரையை எடுக்க விடாமல் அம்மா கண்ணாலேயே தடுத்தாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவர்கள் போன மறுநாள் மதியம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதற்குப் பால் வாங்க இறங்கினேன். பாதி ஏணியில் வாடை வந்தது.

சந்தில் பார்க்க மூக்கே இல்லை. கீழே ஒரே ஓர் ஆள், முன்பின் தெரியாதவன், காலி டப்பாக்களைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தான். அவனும் கண்ணை விட்டுவிட்டு முகம் முழுக்கத் துணி கட்டியிருந்தான். வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"பையா, ஜல்னே கா பாஸ் ஆத்தா க்யா?"

எரிகிற வாடை வருகிறதா என்று நான் கேட்டதும் அவன் துணியை இறக்கி மோந்து பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான். வரவில்லை என்றான். இன்று வெள்ளிக்கிழமை, பட்டறை எல்லாம் மூடியிருக்கிறது என்றான்.

காலையிலிருந்து ஒரு மிஷின் சத்தமும் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் கசந்தது. கயிற்றைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. ஏறினாலும் இறங்கினாலும் நேரம் போதாது என்று தெரிந்துவிட்டது.

"முஜே மிர்கி ஆத்தா ஹை," என்றேன். "பச்சி கோ பகடோ."

எனக்கு வலிப்பு வருகிறது, பிள்ளையைப் பிடி. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத சொல்லை, பெயர் தெரியாத ஒருவனிடம், இந்தியில் சொன்னேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாக்கைப் போட்டுவிட்டு இரண்டு படி ஏறிக் கைகளை நீட்டினான். இடுப்பில் பாரம் குறைந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது சந்தில் கிடந்தேன். நெற்றி கிழிந்திருந்தது. யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தியின் மடியில் குழந்தை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. மூன்று நாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். கீழே அக்கா வேலைக்குப் போகவில்லை. குழந்தை அழுகிற சத்தம் கேட்கும், அவள் சத்தம் கேட்காது. நான்காம் நாள் காலையில் தனியாக ஏறி வந்தாள். என் நெற்றித் தையலைப் பார்த்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏட்டி, வலிப்பு வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது ஒன் கையிலயா இருக்கு? அன்னைக்கு நீ வாயத் தொறந்து சொன்னதுனாலதான் எம்பிள்ள இருக்கா," என்றாள். "ஆறு மாசமா என்கிட்டச் சொல்லாம அவளத் தூக்கிட்டு இந்த ஏணியில ஏறுனியே. அத நெனச்சா எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு."

பயமாக இருந்தது அக்கா என்றேன். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது என்றாள். பிறகு, இனி குழந்தை ஏணி ஏற வேண்டாம், நீ என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள், பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் கதவு திறந்தே இருக்கும் என்றாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே போனேன். வழக்கமாக அவள் குழந்தையை என் இடுப்பில்தான் கொடுப்பாள். அன்று பாயில் கிடத்தினாள். அது சரிதான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகியும் அவள் கிளம்பாமல் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அடுத்து என்ன ஆகும் என்று காத்திருக்கிற பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.