மூன்றாம் பந்திக்கும் மீன்

சிதம்பரத்தில் பல்கலைக்கழகப் படிப்புக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு. ஆட்டுக்கறி, கோழிக்கறி நாட்களில் ஹலாலாக அறுத்ததா என்று தெரியாததால் நான் ரசத்தோடு நிறுத்திக்கொள்வேன். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மீன் இல்லாமல் ஒரு வாரத்தை ஓட்டுவதே பெரும்பாடு. ஞாயிறு மணி அடித்ததும் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடுவேன்.

ஓடி என்ன? சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எண்பது பேர்தான் உட்காரலாம். கீழ்த்தளத்துக்காரர்கள் முதல் பந்தியைப் பிடித்துவிடுவார்கள். நடுமாடி இரண்டாவது. மேல்மாடிக்காரர்களான எங்களுக்கு மூன்றாம் பந்தி. எங்களிடம் வாளி வரும்போது குழம்பு இருக்கும், மீன் இருக்காது.

நான்கு ஞாயிறு பொறுத்தேன். ஐந்தாவது ஞாயிறு, பரிமாற வந்தவர் கரண்டியால் வாளியின் அடிவரை துழாவி ஒரு மாங்காய்த் துண்டை என் தட்டில் போட்டார். கை கழுவிக்கொண்டு நேரே வார்டனிடம் போனேன்.

நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கொறை சொல்ல எல்லாரும் வர்றீங்க. மெஸ் கமிட்டிக்கு மட்டும் ஆளு கெடைக்க மாட்டேங்குது. இனிமே நீயே பாத்துக்கோ" என்றார்.

கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அறைக்கு வந்து சொன்னதும் என் அறைத்தோழன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். "மச்சான், பரிட்ச வருதுடா. உனக்கு எதுக்கு இந்த வேல?" என்றான். ஆனால் மறுநாள் காலை நான் சமையல்கட்டுக்குப் போனபோது அவனும் பின்னாலேயே வந்தான்.

தலைமைச் சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். சேத்தியாத்தோப்புக்காரர். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரிது. மீன் ஏன் போதவில்லை என்று நான் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாளைக்கி எத்தினி பேரு சாப்புடுவாங்க? சொல்லு பாப்பம்."

நான் திரும்பி நண்பனைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியாது. பாதிப் பேரு சனிக்கெழம ஊருக்குப் போறாங்க. போறேன்னு ஒருத்தனும் சொல்லிட்டுப் போறதில்ல. திடீர்னு விருந்தாளியக் கூட்டியாறாங்க. நான் குத்துமதிப்பா ஒல வெக்கிறேன். ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மி."

சாப்பிட வராதவர்கள் முந்தின நாளே எழுத வேண்டிய நோட்டு ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது மெஸ் குமாஸ்தாவின் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது. அரிசிக்கு ஊரே அல்லாடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இங்கே ஒரு நாள் சோறு தொட்டியில் கொட்டப்பட்டது, மறுநாள் கடைசிப் பந்தி அரை வயிற்றோடு எழுந்தது. காரணம் ஒரு பூட்டிய நோட்டு! பதினெட்டு வயதில் எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அன்று வகுப்பில் உட்கார முடியவில்லை.

சாயங்காலமே நானும் நண்பனும் பழைய செருப்புப் பெட்டிகளை வெட்டி வில்லைகள் செய்தோம். ஆளுக்கொரு வில்லை. ஒரு பக்கம் வெள்ளைத் தாள், மறு பக்கம் கரி மை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பலகை மாட்டி, ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டோம். நாளை சாப்பிடுகிறவன் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும், சாப்பிடாதவன் கறுப்பைத் திருப்ப வேண்டும். விருந்தாளி வந்தால் தனியாக ஒரு வெள்ளை வில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் தொடக்கூடாது.

"அட்டைய நம்பி ஒல வெக்கச் சொல்றியா?" என்று மாஸ்டர் சிரித்தார்.

முதல் இரண்டு நாள் பாதிப் பேர் மறந்துபோனார்கள். நண்பன் வாசலில் நின்று ஒவ்வொருவனையும் மடக்கித் திருப்ப வைத்தான். நான்காம் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு பிடி சோறு. மூன்று பந்தியும் வயிறாரச் சாப்பிட்டிருந்தது. "தேறிடுச்சு தம்பி!" என்று என் முதுகில் அவர் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்து மீன். வரும் ஞாயிறு மூன்றாம் பந்திக்கும் மீன் உண்டு என்று மேல்மாடி முழுக்கச் சொல்லிவைத்தேன். சனி சாயங்காலம் எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு வெள்ளை. பலகையை நண்பனிடம் ஒப்படைத்துவிட்டு, மாஸ்டரோடு கடலூர் ரயில் ஏறினேன். துறைமுகத்தில் ஏலம் எடுக்கும் என் மாமா நல்ல வஞ்சிரமாகப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் துறைமுகத்துக்குப் போனோம். காற்று சரியில்லை என்று முக்கால்வாசிப் படகுகள் போகவே இல்லை. மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கிடைத்தது ஒரு கூடைதான்.

"பாதிப் பேருக்குத்தான் காணும்" என்றார் மாஸ்டர்.

கூடையோடு காலைப் பாசஞ்சரில் ஏறினோம். இந்தத் தடவையும் மேல்மாடிக்கு மாங்காய்தான் என்ற நினைப்பே என்னை அரித்தது. ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது, சிதம்பரம் சந்தைக்குப் போகும் மீன்காரப் பெண்கள் மூன்று பேர் கூடைகளோடு எங்கள் பெட்டியில் ஏறினார்கள். மாஸ்டரின் மூக்கு விடைத்தது.

"கூடயில என்னா மீனும்மா?"

"கொடுவா. வெள்ளாத்து மொகத்துல விடியக்காலம் புடிச்சது" என்றாள் மூத்தவள்.

"மூணு கூடயும் எங்களுக்குக் குடுத்துடு."

"அதெப்புடி? வாடிக்கக்காரங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

நான் பொறுக்க முடியாமல் குறுக்கே புகுந்தேன். "அக்கா, இருநூத்திப் பதினாறு பேரு. எல்லாம் படிக்கிற பசங்க. கடசிப் பந்திக்கு மீனே வந்ததில்லக்கா. இன்னிக்கி வரும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரியா எண்ணிட்டுத்தான் வந்திருக்கியா?"

"ஒவ்வொண்ணா எண்ணினேன்க்கா."

வண்டி கிள்ளையைத் தாண்டியது. அவள் மற்ற இருவரோடும் கண்ணால் ஏதோ பேசிக்கொண்டாள். பிறகு மாஸ்டரிடம் திரும்பினாள். "தர்றோம். ஆனா நாங்களே வந்து அறுத்துத் தருவோம். நீ அறுத்தா தல ஒருத்தனுக்கு, வாலு ஒருத்தனுக்குன்னு ஆக்கிப்புடுவ."

மாஸ்டரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

சிதம்பரம் ஸ்டேஷனில் ஜட்காவோடு நின்ற நண்பன், நாங்கள் இறங்கியதைப் பார்த்து, "மச்சான், மீனு வாங்கியாரப் போனியா, ஊர்கோலம் கூட்டியாரப் போனியா?" என்றான்.

சமையல்கட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் மூன்று பெண்களும் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார்கள். செதில் பறந்தது. அவர்கள் அறுக்க அறுக்க நான் எண்ணினேன். எல்லாத் துண்டும் ஒரே கனம். சத்தம் கேட்டு வந்த வார்டன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். தலைகளைத் தள்ளி எண்ணிக்கை இருநூற்று நாற்பதைத் தாண்டியது; எல்லோருக்கும் போக மிச்சமே இருந்தது.

மணி அடித்தது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி. நானே வாளியைத் தூக்கிக்கொண்டேன். மூன்றாம் பந்தியில் மேல்மாடிப் பையன்கள் வழக்கம்போல் சோற்றைக் குழி பறித்துக் குழம்புக்காகக் காத்திருந்தார்கள். முதல் துண்டை வைத்ததும் ஒருவன், "டேய், மீனுடா!" என்று கத்தினான். அப்புறம் கூடம் முழுக்கக் கூச்சல். யாரோ தட்டைத் தட்டினார்கள். கடைசி வரிசையில் கடைசி ஆளுக்கும் முழுத் துண்டு விழுந்தது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லோரும் போன பிறகு சமையல்கட்டுத் தரையில் நாங்கள் உட்கார்ந்தோம். மாஸ்டர், நண்பன், மூன்று பெண்கள், நான். மூத்தவள் ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "மீனு தேவலாம். புளிதான் ஜாஸ்தி" என்றாள்.

மாஸ்டர் தன் தட்டிலிருந்து நிமிராமல், "அடுத்த ஞாயித்துக்கெழம கொறச்சிடறேம்மா" என்றார்.