ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம்

என் கணவரிடம் ஒரு கேள்வி உண்டு. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். "ஒண்டுமே இல்லாமல் இருந்திருக்கலாம். கடல், காகம், வெள்ளவத்தை, ஒண்டும். பிறகு ஏனப்பா இதெல்லாம் இருக்குது?"

"சொதி ஆறுது, சாப்பிடுங்கோ" என்பேன். தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிளார்க்காக இருப்பவர். இந்தக் கேள்விக்குப் பாதிரியார் சொன்ன பதில் போதவில்லை என்று இருபது வயதிலேயே கோயில் பக்கம் போவதை விட்டுவிட்டார். சைவக்காரி நான்தான் அவ்வப்போது கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் வருவேன்.

எங்கள் முதல் பிள்ளை எட்டாவது வாரத்தில் வயிற்றிலேயே நின்றுபோனது. அதன்பிறகு இவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கட்டுமே என்று எனக்கு இருந்தது.

இரண்டாவது உண்டானபோது மூன்று மாதம்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். எட்டாவது வாரம் ஸ்கேன். அதற்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாள். சொன்னால் நக்கலடிப்பார் என்று, நுகேகொடையில் துணி பார்க்கப் போவதாகப் புளுகிவிட்டு பஸ் ஏறினேன். மெழுகுதிரியோடு வரிசையில் நின்றால், ஏழெட்டுப் பேருக்கு முன்னால் தெரிந்த முதுகு. காலையில் நான் அயர்ன் பண்ணிக் கொடுத்த சட்டை.

முதலில் கோபம்தான் வந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நுகேகொடை எப்ப இங்க வந்தது?" என்றார்.

"உங்கட ஒஃபிஸ் வந்த அண்டைக்குத்தான். என்ன நேர்த்தி வச்சனீங்க?"

"ஒண்டும் கேக்கேல்ல." கையிலிருந்த திரியைப் பார்த்தார். "எட்டுக் கிழமையா எங்களோட ஒரு ஆள் இருக்குது. இல்லாமலே இருந்திருக்கலாம்தானே. அதுக்கு நன்றி சொல்ல வந்தனான். நாளைக்கு என்னெண்டாலும், இண்டைக்கே சொல்லிப்போடோணும்."

இந்த மனிதரை எனக்கு அப்போது எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, வரிசை நகர நகர நானும் நகர்ந்தேன். கேட்பதற்கென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது.

பிள்ளை தங்கியது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு பஸ் ஏறினோம்.