ஒன்பது நொட்

சுதந்திரம் கிடைத்த புதிதில், சீகிரியாவுக்குப் பக்கத்துச் சிறு ஓடுபாதையில் காற்றின் வேகத்தை நொட் என்ற அளவில் அளந்து விமானிக்குச் சொல்வது என் வேலை. அன்று ஒரு விமானம் இறங்க வந்தபோது காற்று விட்டுவிட்டு வீசியது.

“ஐயா, ஆளையே தள்ளுதுங்க. சொல்லிடுங்க,” என்றார் புல் வெட்டும் முத்தையா.

“சட்டம் எழுதுனது நீயா?” என்றேன்.

திடீர் வீச்சு, சராசரி வேகத்தைவிடப் பத்து நொட் கூடினால்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. கூடியது ஒன்பது. சராசரியை மட்டும் சொன்னேன். வீச்சு தெரிந்திருந்தால் விமானி வேகத்தைக் கூட்டி இறங்கியிருப்பார். காற்று சட்டெனத் தணிந்ததும் விமானம் பாதைக்கு முன்பே விழுந்தது. அவர் ஒரு காலை இழந்தார்.

விசாரணையில் என் ஒழுங்கைப் பாராட்டினார்கள். ஆஸ்பத்திரியில் விமானி கேட்டார்: “ஒன்பதுன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?”

மனப்பாடமாக இருந்த விதியை அவரிடம் ஒப்பித்தேன். இன்றும் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டால், வாய் தானாக “ஒன்பது” என்கிறது.