வாசலுக்கு உள்ளே ஒட்டிய அறிவிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையோடு பளபளப்பாக ஓர் இணைப்பு வந்தது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிற பெரிய பயிற்சி முகாமின் ஆண்டு விழாவுக்காகப் போட்டது. கண்ணில் புரை விழுந்தபின் எதையும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'முகாம் அமையும் முன் இது ஆள் நடமாட்டமில்லாத வெற்று மணல்வெளியாக இருந்தது.' தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு போய் எடுத்து, நீவி, மறுபடி வாசித்தேன். வரி அப்படியேதான் இருந்தது.

புது மையின் வாடை கையில் ஒட்டிக்கொண்டது. அந்த வாடை எனக்கு எப்போதும் ஸ்டென்சில் தாளில் பிழை திருத்தப் பூசுகிற சிவப்புத் திரவத்தைத்தான் ஞாபகப்படுத்தும். நகப்பூச்சு மாதிரி வாசம். இருபத்துமூன்று வயதில் அந்த முகாம் அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராகச் சேர்ந்தேன். மத்திய அரசு வேலை என்று அப்பா பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். விடியற்காலைப் பேருந்தில் ஏறி, நாங்குநேரியில் பாதித் தூக்கம் கலைந்து, கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது முழுதும் விழிப்பேன். என் தமிழ்மீது எனக்கு அப்போது அபாரமான மோகம். 'மேற்படி எல்லைக்குள் பிரவேசித்தல் ஆகாது' என்று அறிவிப்பு எழுதிவிட்டு நானே நாலு தடவை வாசித்து ரசிப்பேன். அதைப் படித்து எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

முகாமின் கதையை முன்பு அங்கே குடியிருந்த சிப்பித்துறை ஊர்க்காரர்களிடம்தான் கேட்டேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்க ஓர் ஓடுபாதை போட்டான். யுத்தம் முடிந்து அவன் போனதும் சிப்பித்துறை மீனவர்கள் அதில் நெத்திலி காயவைத்தார்கள். அதைவிட நல்ல களம் இந்தக் கரையிலேயே கிடையாது என்பார்கள். அப்புறம் நம்முடைய அரசாங்கம் வந்து, ஓடுபாதையையும் அதைச் சுற்றிய மணலையும் சேர்த்து வேலி போட்டது. ஊரையே இரண்டு மைல் தள்ளிப் போகச் சொன்னது. போனார்கள். கோயிலும் கல்லறைத் தோட்டமும் வேலிக்குள்ளே மாட்டிக்கொண்டன. கல்லறையை அவர்கள் சிமித்தேரி என்பார்கள்.

முகாமில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். பஞ்சாபிலிருந்தும் அசாமிலிருந்தும் கடலையே பார்த்திராத பையன்கள் வந்து, முதல் வாரம் அலையைக் கண்டு அலறி, ஆறு மாதத்தில் படகு வலித்துக்கொண்டு போவார்கள். ஒரு புயலில் அந்தப் பையன்கள்தான் புதுக் குடியிருப்பிலிருந்து கிழவர்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். முகாம் மருத்துவர் பிரசவம் பார்த்திருக்கிறார். அதையெல்லாம் இணைப்பில் எழுதியிருக்கிறார்கள், சரி. யாரைத் தூக்கி வந்தார்கள் என்று எழுத வேண்டாமா? ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் யாருக்குப் பிரசவம் பார்த்தார்களாம்?

வருஷத்துக்கு ஒரு நாள், நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று மட்டும் ஊர்க்காரர்களை உள்ளே விடுவார்கள். அதற்கான அனுமதிச் சீட்டு அடிப்பது என் வேலை. அப்படித்தான் மரியபுஷ்பம் எனக்குப் பழக்கம். நாற்பது வயதிருக்கும். கருவாட்டுக் கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஊரார் சார்பில் பெயர்ப் பட்டியலோடு வருவாள். அவளுடைய மூத்த பெண் மூன்று வயதில் அம்மை கண்டு இறந்து உள்ளேதான் கிடந்தது. உடைந்த துடுப்பை அறுத்து அவள் புருஷன் செய்த சிலுவை, அவர்கள் பேச்சில் குருசு, அந்தக் குழிமேல் நின்றது. என் செந்தமிழைக் குறை சொன்ன முதல் ஆளும் அவள்தான். “தம்பி, என்னிக்கு வரணும், என்னிக்கு வரக் கூடாது, அத மட்டும் எழுது. மத்ததெல்லாம் யாருக்குப் புரியுது?” என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாம் வருஷம் அணிவகுப்பு மைதானத்தை விரிவாக்க உத்தரவு வந்தது. புது மைதானம் கல்லறைத் தோட்டத்தின் மேலேயே வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு பொது அறிவிப்பு அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். எங்கே ஒட்டுவது என்று சூப்பிரண்டிடம் கேட்டேன். வள்ளியூர்ப் பக்கத்து மனிதர், பயிர் பச்சை வைத்திருந்தவர், நிலத்தின் அருமை தெரிந்தவர். பிரதான வாசலுக்கு உள்ளே இருந்த பலகையைக் கைகாட்டினார். அந்த வாசலைத் தாண்டி ஊர்க்காரர் எவரும் சீட்டில்லாமல் வர முடியாது. வெளியே ஒரு பிரதி ஒட்டவா என்றேன்.

“வெளியன்னு உத்தரவுல போட்டிருக்கா வே? ஒட்டியாச்சுன்னு எழுதும். அம்புட்டுதான் நம்ம சோலி” என்றார்.

ஒட்டினேன். நாலு மூலையிலும் பசை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திக்கூடப் பார்த்தேன். அந்த முப்பது நாளும் அதை நானும் காவலாளிகளும் பஞ்சாபிப் பையன்களும் பார்த்தோம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இடையில் ஒரு நாள் மரியபுஷ்பத்தைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். திருநாள் சீட்டு எப்போது தருவாய் என்று கேட்டாள். மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த வருஷம் சீட்டே வரவில்லை. ஆனாலும் நவம்பர் இரண்டாம் தேதி காலையில் ஊரே மெழுகுதிரியும் பூவுமாக வாசலில் வந்து நின்றது. ஒரு மணி நேரம் காக்கவைத்து, வயதானவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். மரியபுஷ்பம் எப்படியோ அவர்களோடு நுழைந்துவிட்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். செம்மண் கொட்டி உருளை ஓட்டிச் சமப்படுத்திய மைதானம். அதில் புதுப் பிரிவு ஒன்று இடம் வலம் போட்டுக்கொண்டிருந்தது. குருசு ஒன்றுகூட இல்லை. வந்தவர்கள் அழவில்லை, முதலில் அவர்களுக்கு விளங்கவே இல்லை. வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று நினைத்து, கோயிலை அடையாளம் வைத்து அடி அளந்து பார்த்தார்கள். மரியபுஷ்பம் ஓரிடத்தில் குனிந்து மெழுகுதிரியை ஊன்றப் பார்த்தாள். மண் இறுகிக் கிடந்ததால் அது நிற்கவில்லை. பயிற்சி கொடுத்த ஹவில்தார் கையை உயர்த்தி அணியை நிறுத்தினார். அன்றைக்கு அந்த இடத்தில் மனுஷனாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஊரார் மனுக் கொடுத்தார்கள். ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். தாழ்வாரத்தில் மரியபுஷ்பமும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். அறிவிப்பை ஒட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். நான் என்றேன். எத்தனை நாள் இருந்தது என்றார். முழுசாக முப்பது நாள் என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் எழுதிக்கொண்டார், மூடிபோட்டுப் பேனாவைச் சட்டையில் செருகினார். மனு தள்ளுபடி.

நான் வெளியே வந்தபோது மரியபுஷ்பம் அங்கேயே நின்றாள்.

“போர்டு எங்கன இருந்துச்சுன்னு அந்த ஐயா கேக்கவே இல்லியே தம்பி. நீயாவது சொல்லிருக்கலாம்லா?”

“கேட்டாத்தானக்கா சொல்ல முடியும்” என்றேன்.

எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன், பதவி உயர்வு வாங்கினேன், மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சூப்பிரண்டின் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. வரைபடத்தில் கோடு கிழித்தவன்மேல் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் அவளுடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன், என் சொந்த வாயால், நல்ல தெளிவான தமிழில்.

ஓய்வு பெற்று வந்த புதிதில் பாளையங்கோட்டைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். கிழவியாகிக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். நான் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன்.

இந்த இணைப்பை வாசித்த மறுநாள் சந்தைக்குப் போனேன். அதே இடத்தில் அவளுடைய இளைய மகள் ஸ்டெல்லா இருந்தாள். அம்மா போய் எட்டு வருஷமாச்சு என்றாள். சிப்பித்துறை மரியபுஷ்பம்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

“அந்தப் பேரச் சொல்லி இப்பம் யாரும் கேக்குததில்ல. ஊரே தூத்துக்குடி, சென்னைன்னு சிதறிப் போச்சு. பஸ்ஸுல போர்டுகூட முகாம்னுதான் போடுதாக” என்றாள்.

கூடைக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை எங்கே இருந்தது, யார் ஒட்டியது, யார் வாய் திறக்கவில்லை, எல்லாம். அவள் நடுவில் ஒருவருக்குச் சாளைக் கருவாடு நிறுத்துக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இத அம்மகிட்டல்லா சொல்லிருக்கணும்” என்றாள்.

அடக்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கிருந்த காவலாளி நோட்டைப் புரட்டி வரிசையைச் சொல்லிக் கூடவே வந்தார். இடம் நெருக்கடியாம், கல் கட்டாத குழியில் சில வருஷம் கழித்து இன்னொருவரை வைத்துவிடுவார்களாம். அவர் காட்டிய இடத்தில் புது மண்ணாக இருந்தது. தகரப் பலகையில் ஓர் ஆண் பெயர் எழுதியிருந்தது.